பட்டியலில் நூற்றுப் பதினெட்டாவது

…குருவி கொத்தியிருக்காது, எந்தக் குருவியும் இத்தனை நேர்த்தியாக ஓரத்தை மடித்துவிட்டுப் போகாது, அது என் வீட்டுச் சம்படம் செய்த வேலை, ஆனால் எல்லப்பன் திரையில் அந்த இடத்தையே சிவப்பு விளக்கால் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார், “பாருங்க, வலது பக்கம் கீழ் ரெக்கை, ஓரம் மடங்கிக் கீது, குருவிகிட்டேருந்து தப்பிச்சு வந்துகீது சார் இது” என்கிறார், வந்திருக்கிற பதினேழு பேரும் உச்சுக் கொட்டுகிறார்கள், முன்வரிசையில் நான் மட்டும் கைப்பையை மடியோடு அழுத்திப் பிடித்திருக்கிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் மாமல்லபுரத்தில் இந்த மாடி அறையை எங்கள் வண்ணத்துப்பூச்சிக் குழுவுக்கு விடுகிறார்கள், கீழே சிற்பப் பட்டறை, கல் அறுக்கும் மிஷின் ஓடினால் பேசுகிறவரின் வாயசைவைத்தான் பார்க்க வேண்டும், இன்றைக்குப் பார்த்து அந்த மிஷினும் ஓடித் தொலையவில்லை, ஒவ்வொரு சொல்லும் சுத்தமாகக் காதில் விழுகிறது. தமிழ் மறவன். நம் மாநிலத்தின் பட்டாம்பூச்சி, மலையை விட்டு இறங்குகிற வழக்கமே இல்லாத ஆரஞ்சு நிறத்து ராஜா, எங்கள் கடலோரப் பட்டியலில் நூற்றுப் பதினெட்டாவது இனம், கண்டவர் எல்லப்பன், சரிபார்த்தவர் சங்கரி. அந்தச் சங்கரி நான்தான்.

எல்லாம் ஆயுத பூஜை லீவில் ஆரம்பித்தது, வால்பாறையில் தங்கை வைஷாலியின் எஸ்டேட் குவார்ட்டர்ஸ், பின்பக்கம் ஒரு நீரடிமுத்து மரம், அதன் இலையில் கும்பலாக ஏழு புழுக்கள், பார்த்த உடனே கை பரபரத்தது, இருபது வருஷமாகப் பூச்சி பூச்சி என்று அலைகிறேன், மறவனின் புழுவை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை, கூட்டுக்குள் போவதைப் பார்க்க வேண்டும், வெளியே வருவதைப் பார்க்க வேண்டும்… அதற்கு அங்கேயே இருந்து பார்த்திருக்க வேண்டும், லீவு முடிந்துவிட்டதே, என்ன செய்வது, அரிசி போடுகிற சம்படத்தின் மூடியில் ஓட்டை போட்டு, இலையும் புழுவுமாகத் திருப்போரூரில் என் வீடு வரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கூடுதல் இலையை ஃப்ரிட்ஜில் கீரைக்குப் பக்கத்தில் வைத்தேன், கணவர் பரணிதரன் அதைத்தான் பொரியலுக்கு எடுக்கப் போனார், கத்தி ஊரைக் கூட்டினேன். மூன்று செத்துப் போயின. நான்கு கூடு கட்டின. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன, கடைசியாக வந்ததற்கு இறக்கையை விரித்துக் காயவைக்க இடம் போதவில்லை, சம்படத்தின் சுவரில் இடித்து வலது கீழிறக்கை ஓரம் மடங்கி அப்படியே இறுகிவிட்டது, நான் அழுதேன், அழுதுகொண்டே படமும் எடுத்தேன். இதோ கைப்பையில் இருக்கிற போனில் அந்தப் படம் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பிறகு பால்கனி வலைக் கதவைத் திறந்தேன். ஏன் திறந்தாய்? எங்கே எடுத்தாயோ அங்கேதான் விட வேண்டும், வேறு ஊரில் விட்டால் பட்டியல் பொய்யாகிவிடும் என்று குழுவின் விதிகளில் ஆறாவதாக எழுதியது யார், நான், அதைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டியது யார், நான், பிரபா ஏலகிரியிலிருந்து ஒரே ஒரு புழுவைக் கொண்டுவந்ததற்கு அவளைக் குழுவில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டது யார்… வால்பாறைக்குத் திரும்பப் போக லீவு கிடையாது, சம்படத்துக்குள் முட்டி மோதிச் சாவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, நான்குதானே, யார் கண்ணில் படப் போகிறது, இரண்டு மூன்று வாரத்தில் ஆயுசு முடிந்துவிடும் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடித்தான் திறந்தேன். நான்கும் வேப்ப மரத்துக்கு மேலே போய் மறைந்தன. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டால் யார் கண்ணில் பட வேண்டும், எல்லப்பன் கண்ணில். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் எலக்ட்ரீஷியன், என்னைப்போலத் திருப்போரூரிலேயே வீடு, குழுவில் சேர்ந்து நான்கு வருஷம், மூன்று தடவை புதுசு புதுசாக எதையோ பார்த்தேன் என்று படம் அனுப்பினார், மூன்று தடவையும் ‘படம் மங்கல், ஏற்க இயலாது’ என்று எல்லோருக்கும் தெரியும்படி போட்டேன், எனக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்கிறார்கள், தெரியும். தீபாவளி முடிந்த நாலாம் நாள் குழுவின் வாட்ஸப்பில் அவருடைய குரல் வந்தது, மூச்சு வாங்க, “மேடம், எங்க பிளாட்டுக்குப் பின்னாடி முள்ளுக்காடு கீது பாருங்க, அங்க உன்னிப்பூ மேல குந்திகினு கீது மேடம், இந்தத் தபா படம் ஆடாம எடுத்துட்டேன் மேடம்.” ஆடாமல்தான் எடுத்திருந்தார். மடிப்பு பளிச்சென்று தெரிந்தது. தலைவர் வெங்கடேசன் சார் ‘சரித்திரம்!’ என்று போட்டார், கைதட்டுகிற பொம்மைகளாக வந்து குவிந்தன, அதற்கப்புறம் எல்லோரும் என் ஒரு டிக்குக்காகக் காத்திருந்தார்கள்… பால்கனியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் போனையே பார்த்தேன், ‘எல்லப்பன், அது என்னுடையது’ என்று டைப் அடித்தேன், அழித்தேன், திரும்ப அடித்தேன், அழித்தேன். கடைசியில் டிக் போட்டேன். அவரைக் காப்பாற்றப் போட்டேனா, என்னைக் காப்பாற்றப் போட்டேனா, இப்போது கேட்டாலும் முதலாவதைத்தான் சொல்லுவேன், அதை நானே நம்ப மாட்டேன்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன், பேச்சு தொடங்குவதற்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, டீக்கடைப் பக்கம் நிறுத்தி… ஆனால் அவர் மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார், இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் பேச்சைத் தலைப்புத் தலைப்பாக எழுதிய துண்டுக் காகிதம், “இவங்கதான் சங்கரி மேடம், இவங்க டிக் போட்டாத்தான் கணக்கு, லேசுல போட மாட்டாங்க” என்று அறிமுகப்படுத்தினார், அந்தம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உதறிவிட்டா சொல்வது? மகள் மேக்னா இப்போது போனைத் தூக்கிப் பிடித்து அப்பா பேசுவதை முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறாள், ஆறாவது படிக்கிறாளாம். இவள் போனை இறக்கட்டும், பிறகு சொல்லலாம், இந்தப் படம் போகட்டும், அடுத்த படம் வரட்டும்… இப்படியே நாற்பது நிமிஷம் போய்விட்டது, கடைசிப் படமும் வந்து நன்றி என்று எழுதிக் காட்டிவிட்டது.

கேள்வி நேரம். நான்தான் முதலில் கேட்பேன் என்று வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார்கள், நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், அதனால் ஜாக்குலின் டீச்சர் எழுந்து, ஒன்றைத்தான் பார்த்தீர்களா, வேறு எதுவும் கண்ணில் படவில்லையா என்று கேட்டார். எல்லப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, இந்தக் கேள்விக்காகவே இருந்தவர்போல. “ஒண்ணுதான் டீச்சர் சிக்குச்சு, ஆனா ஒண்ணு கீதுன்னா கூட்டம் இல்லாமயா இருக்கும், அதுங்க எப்பவும் கூட்டமா சுத்துறதாச்சே, எங்கியோ பூந்துகினு கீது. அன்னிலேர்ந்து டெய்லி போறேன், எனுக்கு செகண்ட் ஷிஃப்டு, காலைல எட்டு மணிக்குப் போனா பத்தரை வரைக்கும் அந்த முள்ளுக்காட்டுலதான். நேத்தோட முப்பத்திநாலு நாளாச்சு. இன்னும் கண்ணுல படல. படும், வுட மாட்டேன்.” பின்னாலிருந்து அந்தம்மாவின் குரல், சிரிப்பும் குறையுமாக, “மழையிலயும் போறாரு, போன வாரம் ஜொரத்தோட போனாரு, சொன்னா கேட்டாத்தானே.”

முப்பத்திநாலு நாள். நான் பட்டியலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், பொய்யான ஒரு வரி, அது அங்கே சும்மா கிடக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்று… அது சும்மா கிடக்கவில்லை, ஒரு மனிதரைத் தினம் காலையில் முள்ளுக்குள் நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது, இல்லாததைத் தேட வைத்துக்கொண்டிருக்கிறது, அவை இதற்குள் செத்திருக்கும், முட்டையிட அந்தப் பக்கம் நீரடிமுத்து ஒன்றும் இல்லை, இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் முன்வரிசையில் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல், இப்போதே சொல், எழுந்திரு. எழுந்துவிட்டேன். வெங்கடேசன் சார் காதோரம் கையைக் குவித்துக்கொண்டார். “எல்லப்பன்…” என்றேன்.

“சொல்லுங்க மேடம்.” அந்த முகத்தில் லேசான பயம், மறுபடியும் ‘ஏற்க இயலாது’ என்று சொல்லிவிடுவேனோ என்று, நான்கு வருஷமாக நான் அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிற பயம். “நாளைக்கும் போவீங்களா?” “போவேனே மேடம், எட்டு மணிக்கு… நீங்களும் வரீங்களா?” மகள் போனை என் பக்கம் திருப்பினாள். “வரேன்” என்றேன். கைதட்டினார்கள், பதினேழு பேரும், எல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நாளைக்குப் பத்தரை மணிக்கு அவர் வியர்வையோடு என் பக்கம் திரும்பி, “இன்னிக்கும் இல்ல மேடம், போதும்னு வுட்டுடலாமா?” என்று கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் எல்லப்பன் என்று நான்தான் சொல்லப்போகிறேன்.