கீழ்த்தண்ணீர்

அமிலத் தொட்டியில் விழுந்து கரைந்துபோன மிஷின்காரரை அவர் மனைவி மறுநாள் மத்தியானம் எண்ணெயிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டாள். பழைய போன்களின் உள்பலகைகளைக் கரைத்துத் தங்கம் எடுக்கும் பட்டறை அது. அமிலத்தில் ஒருவகை எண்ணெயைச் சேர்த்துக் கலக்கினால் தங்கம் மட்டும் எண்ணெயில் ஏறி மேலே நிற்கும்; செம்பும் இரும்பும் கீழ்த்தண்ணீரிலேயே தங்கிவிடும். மேலே வந்தது சரக்கு, கீழே நின்றது கழிவு. அங்கே அதற்குமேல் யாரும் யோசித்ததில்லை.

செய்தி கேட்ட முதலாளி, தொட்டியில் எவ்வளவு தங்கம் இருந்தது என்றுதான் முதலில் விசாரித்தார். நல்ல மனிதர், பிறகு துக்கமும் விசாரித்தார். பலகை உடைக்கும் பிரிவில் இருந்த மனைவி அழவில்லை. "தங்கத்த எடுக்கத் தெரியுதில்ல? அவரையும் எடுங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. எண்ணெய் ஊற்றிக் கலக்கினார்கள். அடுக்குகள் பிரிந்ததும் மேலே அவருடைய இருமல் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில், தொட்டி வேலை பார்த்த அவளுடைய அண்ணனே, பழக்கதோஷத்தில், அடிக்குழாயைத் திறந்து கீழ்த்தண்ணீரைக் கழிவு கொட்டும் சுண்ணாம்புக் குழிக்கு விட்டுவிட்டார். ஒரே கலக்கலில் எல்லாம் மேலே ஏறிவிடாது, புது எண்ணெய் போட்டு இன்னொரு முறை கலக்கியிருக்க வேண்டும் என்பது குழி நுரைத்து அடங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

எண்ணெயைக் கழுவியதும் மிஷின்காரர் முழு ஆளாக எழுந்து உட்கார்ந்தார். நடை, குரல், சீட்டாட்டத்தில் ஏமாற்றும் சாமர்த்தியம், ஒன்றும் குறையவில்லை. மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்தபோது மரியாதையாக எழுந்து நின்று, "யாருங்க நீங்க?" என்றார். மகளையும் அப்படியே கேட்டார். எண்ணெய் தப்பாக எடுக்காது, விலையுள்ளதை மட்டும்தான் எடுக்கும் என்று ஆறுதல் சொல்லப்போன முதலாளி, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப நானும் எம்பொண்ணும் செம்பு இரும்போட போயிட்டமா?" என்று அவள் கேட்டாள்.

"இன்னொரு தடவ கலக்கியிருந்தா ரெண்டு பேரும் மேல வந்திருப்பீங்கம்மா" என்றார் அண்ணன். பாவமாக இருந்தது. அவரைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

குழிச் சேற்றை லாரியில் அள்ளிப்போய் ஏதோ பள்ளத்தில் கொட்டினார்கள். அதன்மேல் இப்போது ரோடு போகிறது. மகள் கல்யாணமாகிக் கிளம்பியபோது, யார் வீட்டுப் பெண்ணோ, நல்லா இருக்கட்டும் என்று அப்பா வாசலில் நின்று வாழ்த்தினார். பட்டறை வேலை முடிந்து மனைவி கதவைத் திறக்கும்போதெல்லாம், "யாரைத் தேடி வந்தீங்க?" என்பார்.

"உங்களத்தாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பையை ஆணியில் மாட்டி அடுப்பைப் பற்ற வைப்பாள்.