வினிகர் குடித்த எஞ்சின்

கதவுக்கு எதிர்ச்சுவரோரம் கெங் அண்ணன், கால்களைப் பெஞ்சின் மேல் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்தபடி. அவருக்கு எதிரே, இரண்டு பேர் உட்காரும் இடத்தை ஒருவராகப் பிடித்துக்கொண்டு, ஆட்டிறைச்சிக் கடைக்காரர் ச்சியாவ். சன்னலோரம், யாரையும் பார்க்காமல், யான் லிங். மேசையின் முனையில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நான். அடுப்புக்குப் பின்னால் கடைக்கார அக்கா, மாவை இழுத்து நூடுல்ஸ் ஆக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நான்கு சைக்கிள்கள். மூன்றின் எஞ்சின்கள் சூடு ஆறுகிற சத்தம் உள்ளே கேட்டது. நான்காவது காலையிலிருந்தே சில்லிட்டுக் கிடந்தது.

எதை எழுதினாலும் முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பள்ளியில் பழகியது. தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது விட்டுப்போகவில்லை. அதனால்தானோ என்னவோ, குழுவில் கடிதம் எழுதும் வேலை வந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

"எழுதிட்டியா, ஃபான்?" என்றார் கெங் அண்ணன். கண்ணைத் திறக்கவில்லை.

"தேதி எழுதியிருக்கேன்."

"தேதி எழுதவே இவ்ளோ நேரமா?"

"விரல் மடங்க மாட்டேங்குதுண்ணே."

அது சாக்கு அல்ல. நாள் முழுக்க ஹேண்டில்பார் உதறிய உதறலில் கை இன்னமும் சைக்கிளைப் பிடித்திருப்பது போலவே வளைந்து நின்றது. பேனாவை இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் இடையில் செருகி வைத்திருந்தேன்.

சாதாரண சைக்கிளில் ஒரு சின்ன எஞ்சினை மாட்டிக்கொண்டு கான்சு மலைகளைக் கடக்கும் பந்தயம் இது. குழுவாகத்தான் ஓட்ட வேண்டும். முதல் ஆள் எப்போது வந்தான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. கடைசி ஆள் எப்போது கோட்டைத் தாண்டுகிறானோ அதுதான் குழுவின் நேரம். நேற்றுவரை நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். நாளை கடைசி நாள். மஞ்சள் ஆற்றங்கரையில் வளைவு கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டுகிறவர்களின் ஹேண்டில்பாரில் ஒரு முழச் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். ச்சியாவின் துணி அவருடைய கடையில் ஆட்டுத் தொடைகளுக்கு மேலே தொங்குகிறது. என்னுடையது வீட்டுக் கதவில். கெங் அண்ணனிடம் ஒன்றுகூட இல்லை.

அவர் ஓட்டத் தெரியாதவர் அல்ல. டிராக்டர் பட்டறையில் காலத்தைக் கழித்தவர், எஞ்சினைக் காதால் பார்ப்பவர். இரண்டு வருடங்களுக்கு முந்தைய பந்தயத்தில் ச்சியாவின் பின்சக்கரம் பள்ளத்தில் மடங்கியபோது, தன் சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். போன வருடம் என் கார்புரேட்டர் உடைந்தது. அவருடையது எனக்கு வந்தது. இரண்டு முறையும் 'இவரை விட்டுவிட்டுப் போகிறோம்' என்ற கடிதத்தை எழுதியவன் நான்தான்.

இந்த முறை பழுதானது அவருடைய வண்டியே.

எங்கள் ஷான்சிக்காரர்களுக்கு ஊர் வினிகர் இல்லாமல் சோறு இறங்காது. வெளியூர் வினிகர் வெறும் புளித்த தண்ணீர். அதனால் பந்தயத்துக்கும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனில் எடுத்து வந்திருந்தோம். எஞ்சின் ஆயிலும் அதே மாதிரி வெள்ளைக் கேன். இரண்டும் கறுப்பு. கெங் அண்ணனுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. காலையில் பெட்ரோலில் ஆயில் கலப்பதாக நினைத்து, தன் டேங்கில் வினிகரை ஊற்றிவிட்டார். எங்கள் டேங்குகளை முந்தைய நாளே நிரப்பியிருந்ததால் நாங்கள் தப்பினோம். முதல் மேட்டில் அவர் வண்டி இருமியது. இரண்டாவது மேட்டில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் மிதித்தே வந்தார். நாங்கள் மூவரும் எஞ்சினைத் தணித்துத் தணித்து, அவருக்கு முன்னும் பின்னுமாக, புழுதியில் ஊர்ந்து வந்தோம்.

"எனக்கு அப்பவே தெரியும்ணே," என்றார் ச்சியாவ். "பின்னாடி வரும்போது ஊறுகாய்ப் பானைய யாரோ அடுப்புல வெச்ச மாதிரி வாசனை. பசிதான் வந்துச்சு."

"தெரிஞ்சும் வாய மூடிட்டு வந்தியா?"

"எவனாவது வழியில டம்ப்ளிங் விக்கிறான்னு நெனச்சேன்."

கடைக்கார அக்கா சிரித்துவிட்டார். யான் லிங் சிரிக்கவில்லை. பார்சல் வண்டி ஓட்டும் பெண். இந்த ஆண்டுதான் குழுவுக்குப் புதிது. மேட்டில் அவளை நெருங்க எங்களில் ஆள் கிடையாது.

"என் எஞ்சினக் கழட்டி உங்க வண்டியில மாட்டிக்கங்க," என்றார் ச்சியாவ், அண்ணனிடம். "நான் மிதிக்கிறேன்."

"நீ மிதிச்சா அடுத்த வருஷப் பந்தயத்துக்குத்தான் வந்து சேருவே. எஞ்சினுக்கு ஈய முத்திரை இருக்குடா, மாத்தக் கூடாது." கெங் அண்ணன் கண்ணைத் திறந்தார். "ஃபான், எழுது. என்னை விட்டுட்டு நீங்க மூணு பேரும் காலைல கிளம்புறீங்க. முழு வேகத்துல போனா மூணாவது இடத்தத் திரும்பப் பிடிச்சிடலாம். கடிதம் வாங்குற கமிட்டி வேன் இருட்டுறதுக்கு முன்னாடி போயிடும்."

நான் பேனாவை எடுத்தேன். "காரணம் எழுதணும்ணே."

ஆளை விட்டுவிடும் கடிதத்தில் காரணம் எழுத வேண்டும். பழுதான எஞ்சினைக் கமிட்டிக்காரர்கள் திறந்தும் பார்ப்பார்கள். மறுநாள் காலை எல்லாக் குழுக்களும் புறப்பட நிற்கும்போது, ஒலிபெருக்கியில் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கெங் ஷான்ஹூ, டிராக்டர் பட்டறை, எஞ்சினில் வினிகர் ஊற்றியதால். அத்தனை பேருக்கும் முன்னால், ஊருக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை.

"உள்ளதையே எழுது," என்றார். "சிரிச்சா சிரிக்கட்டும். எல்லாருக்கும் தூக்கம் கலையும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்தில் புழுதியும் வியர்வையும் சேர்ந்து கோடு கோடாகக் காய்ந்திருந்தது.

கிண்ணங்கள் வந்தன. ஆட்டுச்சாறு, மேலே மிளகாய் எண்ணெய். ச்சியாவ் பழக்கத்தில் வெள்ளைக் கேனை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். அண்ணன் கிண்ணத்துக்கும் ஊற்றினார். சிறிது நேரம் உறிஞ்சும் சத்தம் மட்டும். பூண்டு உரிக்கக்கூட யாருக்கும் கையில் தெம்பில்லை.

பாதிக் கிண்ணத்தில் ச்சியாவ் நிறுத்தினார்.

"எனக்கு உட்காரும் இடத்துல தோலே இல்ல," என்றார். "நாளைக்கு அந்த வேகத்துல என்னால வர முடியாது. சொல்லிட்டேன்."

"காலைல நல்லாத்தானே இருந்தே?" என்றார் அண்ணன்.

"காலைல தோல் இருந்துச்சு. ஃபான், அந்த விதிப் புத்தகத்தப் பாரு. சும்மா ஓட்டிட்டுப் போறவங்களுக்கு ஏதோ இருக்குமே?"

எனக்குப் புரிந்தது. புத்தகத்தை எடுத்தேன்; பார்க்காமலே தெரியும் என்றாலும் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துப் படித்தேன். இடமே வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் குழுவுக்குச் சூரியன் மறையும்வரை வளைவைத் திறந்து வைப்பார்கள். நேரம் குறிக்க மாட்டார்கள். அந்தக் குழுவில் ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுக்கலாம். காரணமாகக் களைப்பு என்று எழுதினால் போதும். எஞ்சினைத் திறக்க மாட்டார்கள்.

"கோட்டைத் தாண்டினா துணி?" என்று கேட்டார் ச்சியாவ், கிண்ணத்தைப் பார்த்தபடி.

"துணி எல்லாருக்கும் உண்டு."

"என் கையும் போச்சு," என்றேன் நான். "பேனாவே பிடிக்க முடியல, பாருங்க. கிளட்ச் எப்படிப் பிடிப்பேன்?"

கெங் அண்ணன் கால்களைக் கீழே இறக்கினார். "நாடகம் போடாதீங்கடா. அந்தப் பொண்ணு மூணாவது இடத்துக்காக இத்தனை மலை ஏறியிருக்கு. அது வயித்துல அடிக்காதீங்க."

யான் லிங் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

"வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள். "மூணாவதுன்னு. என் தம்பி நம்பல. போன்ல சிரிச்சான்."

"அதான் சொல்றேன்," என்றார் அண்ணன். "ஃபான், எழுது."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கதவுத் திரை ஆடி நின்றது. ச்சியாவ் என்னைப் பார்த்தார். நான் தேதியைப் பார்த்தேன். அவள் ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கடிதமும் செல்லாது. அவளைக் கெஞ்ச ச்சியாவுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒருவர் சம்பாதித்ததை எப்படிக் கேட்பது? வெளியே மலைச்சரிவில் வெயில் மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஊர் முனையில் கமிட்டி வேன் ஹாரன் அடித்தது. இன்னும் எந்தக் குழுவாவது கடிதம் தர வேண்டுமா என்று கேட்கும் ஹாரன்.

திரை விலகியது. யான் லிங் தோளில் ஒரு சுருள் கயிறு. கழுதை கட்டும் சணல் கயிறு, தடிமன்.

"அக்கா, பின்னாடி கிடந்துச்சு. எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கம்மா. கழுதைய வித்தாச்சு," என்றார் கடைக்கார அக்கா.

யான் லிங் கயிற்றைக் கெங் அண்ணன் முன்னால் மேசையில் போட்டாள். "இது உங்கள இழுக்கத் தாங்குமா, சித்தப்பா?"

"நீ என்ன பண்றே?"

"என் மணிக்கட்டு வீங்கிடுச்சு. வேகமா முறுக்க முடியாது." மணிக்கட்டைக் காட்டினாள். குச்சி போல, ஒரு வீக்கமும் இல்லாமல் இருந்தது. எல்லோரும் பார்த்தோம்.

"ஐயோ, ரொம்பத்தான் வீங்கியிருக்கு," என்றார் ச்சியாவ்.

"பொய் சொல்றீங்க," என்றார் கெங் அண்ணன். "மூணு பேரும்."

"முன்ன ஓட்டப்போறது நான்தான்," என்றாள் யான் லிங். "இறக்கத்துல பிரேக்க நீங்க பிடிங்க. என் மேல வந்து மோதினா, வினிகர் கதைய நானே மைக்ல சொல்லிடுவேன்."

அண்ணன் கயிற்றை எடுத்து, இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நைந்திருந்ததைத் தடவினார். அங்கே முடிச்சுப் போட்டு இறுக்கினார். பிறகு மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சினார், சளி இருந்தது உண்மை.

"எழுது," என்றார்.

எழுதினேன். எங்கள் குழு மிகவும் களைத்துவிட்டது. எங்களுக்கு இடம் வேண்டாம். நான்கு பேரும் சேர்ந்து வருகிறோம். சூரியன் மறையும்வரை வளைவைத் திறந்து வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். படித்துக் காட்டினேன்.

"அந்த 'மிகவும்' வேண்டாம்," என்றார் கெங் அண்ணன். "களைத்துவிட்டதுன்னா போதும். ஊர்ப் பேரு இருக்குல்ல."

அடித்துவிட்டு எழுதினால் அழகாக இராது என்று புதுத்தாளில் முதலிலிருந்து எழுதினேன். ச்சியாவ் மனத்துக்குள் என்னைத் திட்டியிருப்பார். சிவப்பு மையில் பெயர் முத்திரைகளைத் தோய்த்து வரிசையாகக் குத்தினோம். யான் லிங்கிடம் முத்திரை இல்லை, கட்டைவிரலை வைத்தாள். கடைசியாக அண்ணன். அவர் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

உறையை ஒட்டப் பசை இல்லை. ச்சியாவ் தன் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்த நூடுல் துண்டை எடுத்து உறையின் மடிப்பில் வைத்துத் தேய்த்தார். நான் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

வேன் கடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. மஞ்சள் தொப்பிக்காரர் சன்னல் வழியே கையை நீட்டி உறையை வாங்கினார். மூக்கைச் சுளித்தார்.

"என்னய்யா இது, வினிகர் வாசனை?"

"ஷான்சிக்காரங்க கடிதம்," என்றார் ச்சியாவ். "வேற எப்படி இருக்கும்?"

அவர் உறையை மற்றவற்றோடு பைக்குள் போட்டார். வேன் இறக்கத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.