அழுகைப் பயிற்சி

ஜீவராணியின் வீட்டு ஃப்ரிஜ்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று கஜந்தினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் ஜீவராணியின் அப்பா, போன தீபாவளிக்கு லொறியில் ஏற்றி அனுப்பிய ஃப்ரிஜ் அது.

"மேக்க திப்பொத் ஹரியன்னே நே" என்றான் கமராக்காரன். இது இருந்தால் சரிவராதாம். ஜீவராணி அவனுக்குச் சிங்களத்திலேயே ஏதோ பதில் சொல்லிச் சிரித்தாள். பிறகு தானே உள்ளே போய்ச் சுவரிலிருந்த புதுக் கடிகாரத்தையும் கழற்றினாள்.

வந்திருந்தவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். அவர்கள் நடத்தும் பாட்டுப் போட்டியில் ஜீவராணி கொழும்புச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தாள். அவள் மேடையில் பாடுவதற்கு முன்னால் காட்டுவதற்கு அவளைப் பற்றிய சிறு படம் ஒன்று வேண்டுமாம். ஜீவராணிக்கு இருபத்தாறு வயது. யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை. வேலை முடிந்ததும் கஜந்தினியின் வகுப்புக்கு வருவாள்.

கஜந்தினி சாவகச்சேரிக்காரி. இங்குள்ள தமிழ்ப் பாடசாலைக்குச் சங்கீத ஆசிரியையாக மாற்றலாகி வந்தவள். முக்தாரின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தாள். அங்கே பின்னேரங்களில் கர்நாடக சங்கீதமும் சொல்லிக்கொடுத்தாள், சினிமாப் பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். மேலைநாட்டுக் குரல் பயிற்சிகளைத் தானாகத் தேடிப் படித்து, சரளி வரிசைகளோடு சேர்த்து வைத்தாள். பாட்டு எதுவானாலும் மூச்சும் தொண்டையும் ஒன்றுதான் என்பது அவளுடைய கட்சி.

ஜீவராணி வந்த புதிதில் மேல் ஸட்ஜத்தை நெருங்கும்போதெல்லாம் குரல் உடைந்தது. நெஞ்சிலிருந்து கனமாக வரும் குரல் தலைக்கு ஏறுகிற இடம் அது. பலருக்கும் அங்கேதான் தடுக்கும். அகாரம், உகாரம், மெல்லப் பாடுவது, கொட்டாவி விடுவதுபோலத் தொண்டையைத் திறந்து வைப்பது என்று ஒரு வருஷம் உழைத்துத்தான் அந்த உடைவு மறைந்தது. மறைந்த அன்று ஜீவராணி மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கிப் போனாள்.

இப்போது வீட்டு முன்னால் அவளுடைய அம்மா வெள்ளையம்மாவின் முதுகில் ஒரு கூடையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வாழ்நாளில் தேயிலைக் கொழுந்து பறித்ததில்லை. கூடையை, தேயிலை இருக்கும் மேல் டிவிஷனில் யாரிடமோ வாங்கி வந்திருந்தார்கள்.

"நான் பால் வெட்டுறவ தம்பி. எனக்கு எதுக்குங்க இந்தக் கூட?"

"கூடை இருந்தாத்தான் அம்மா சனத்துக்கு விளங்கும்" என்றான் ஜதீஸ்வரன். "அப்பாவைப் பத்தி ஒண்டும் சொல்ல வேண்டாம். இல்லை எண்டும் சொல்ல வேண்டாம். சும்மா விட்டிடுவம்."

ஜதீஸ்வரன்தான் அந்தப் போட்டிக்குக் குரல் பயிற்சியாளன். பல்கலைக்கழகத்தில் கஜந்தினியோடு ஒரே வகுப்பில் படித்தவன். ராக ஆலாபனையில் அவனுக்குத்தான் முதல் பரிசு. அவன் வருகிறான் என்று கேள்விப்பட்டபோது கஜந்தினி சந்தோஷப்பட்டுத்தான் வந்திருந்தாள்.

கிணற்றடியில் வைத்து ஜீவராணியைப் பாடச் சொன்னான். அவள் பாடினாள். உயர்ந்த சுரத்தில் குரல் உடையாமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஜதீஸ்வரன் உதட்டைப் பிதுக்கினான்.

"மேல போறீங்கள்ல, அங்க குரல் உடையணும். அழுகை முட்டிக்கொண்டு வாற மாதிரி."

கஜந்தினிக்குக் காது சுட்டது. "ஜதீஸ், அந்த இடத்திலை உடையாமல் இருக்கத்தான் நான் ஒரு வருஷமாப் பாடுபட்டனான். இப்ப உடை எண்டு சொல்லுறீர்."

"தெரியும் கஜந்தினி. உம்மட வேலை நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை. இவ்வளவு சுத்தமாப் பாடினா லயத்துப் பிள்ளை எண்டு ஆர் நம்புவினம்?"

அவன் அதைக் கோபமில்லாமல், தொழில் விஷயம் பேசுவதுபோலச் சொன்னான். கஜந்தினிக்கு வாயில் எச்சில் புளித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஜீவராணி தொண்டையை நெரித்து, கழுத்து நரம்பு புடைக்க, அழுகையை வரவழைக்கப் பார்த்தாள். வந்தது இருமல். மறுபடியும் முயன்றாள். குரல் கரகரத்தது.

"நிப்பாட்டு" என்றாள் கஜந்தினி. "தொண்டையைப் பிழியாதை. புண்ணாகிப் போகும்."

"அப்ப எப்புடி டீச்சர்? நீங்களே சொல்லிக் குடுங்க. எனக்கு இது வேணும்."

அவளுடைய கண்களில் வெட்கமே இல்லை. போன் கடையில் வாடிக்கையாளரிடம் விலை பேசுகிற அதே தெளிவு இருந்தது.

கஜந்தினி சொல்லிக்கொடுத்தாள். தொண்டையைத் திறந்து வை. நாய்க்குட்டி முனகுகிற மாதிரி மெல்லிய சத்தம் எடு. அந்த முனகலைச் சுரத்தின் வாசலில் வை. மூச்சை ஒரு கணம் பிடித்து, கொஞ்சமாக விடு. வலித்தால் அது பிழை. ஜீவராணி கெட்டிக்காரி. பொழுது சாய்வதற்குள் பிடித்துக்கொண்டாள். அவள் பாடி முடித்ததும் கமராக்காரன் கண்ணைத் துடைத்தான். ஜதீஸ்வரன் கைதட்டினான். தன் நாக்கையே கழுவவேண்டும் போலிருந்தது கஜந்தினிக்கு.

"டீச்சரும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கோவன். காலிலை சப்பாத்து இல்லாமல் வகுப்புக்கு வந்த பிள்ளை எண்டு" என்றான் ஜதீஸ்வரன், கமராவைக் காட்டி.

"அவள் என்னை விட நல்ல சப்பாத்துப் போடுறவள்" என்று சொல்லிவிட்டுக் கஜந்தினி பஸ் பிடிக்க இறங்கினாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை முக்தாரின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். கூடை சுமந்த வெள்ளையம்மா மழையில் மெதுவாக நடந்தாள். பின்னால் வயலின் அழுதது. வெறும் சுவருள்ள அறையில் ஜீவராணி விளக்கேற்றினாள். பிறகு மேடை. உயர்ந்த சுரத்தில் குரல் உடைந்ததும் நடுவர் ஒருவர் எழுந்து நின்றார். முக்தாரின் மனைவி பளீலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அல்லாவே, பாவம் அந்தப் புள்ள."

"பளீலா, ஒவ்வொரு கிழமையும் உங்கட படியாலை சிரிச்சுக்கொண்டு ஏறிப்போற பிள்ளை அது. நீங்கள்தானே அவளுக்குப் போன பெருநாளைக்கு வட்டிலப்பம் குடுத்தனீங்கள்."

"தெரியும் டீச்சர். டீவீல பாக்கக்கொள்ள அழுக வருதே."

தோட்டத்தில் யாரும் அழவில்லை. லயத்துச் சனம் வெள்ளையம்மாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. "எல்லாரையும் பிச்சக்காரங்களாக் காட்டிட்டா ஒன் மக" என்று கோயிலடியில் பக்கத்து லயத்து மருதாயி முகத்துக்கு நேரே சொன்னாள். அப்பா கொழும்பிலிருந்து போன் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நான் செத்துட்டேனா?"

ஜீவராணி இன்னும் இரண்டு சுற்றுப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் அழுகையைக் கூட்டச் சொன்னார்கள். மூன்றாவதில், "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது" என்று நடுவர்கள் வெளியே அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு, பார்வை தெரியாத ஒரு பையன் வந்தான்.

அதே வாரம் கஜந்தினியின் வகுப்புக்குப் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள். தெரணியகலையிலிருந்து சின்னத்தம்பி என்ற ஆட்டோக்காரர், எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை.

"டீச்சர், இந்தச் சரளி வரிசையெல்லாம் வேணாங்க. நேரமில்ல. அந்தப் புள்ள அழுதுகிட்டே பாடுச்சுல்ல, அத மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதுங்க."

பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லி வைத்ததுபோல உதட்டைக் கோணி விம்மிக் காட்டியது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.  கஜந்தினி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"அது இங்க சொல்லிக் குடுக்கிறேல்லை."

"நீங்கதானே அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்ததா சொல்றாங்க?"

"ஓம். நான்தான்" என்றாள். "இனி இல்லை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

மறுவாரம் ஜீவராணி வந்தாள். படியில் ஓசையில்லாமல் ஏறி வந்து பாயில் உட்கார்ந்தாள். அம்மா இன்னும் சரியாகப் பேசுவதில்லை என்றாள். கூடையை மட்டும் அம்மாவே மேல் டிவிஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாளாம். அதைச் சொல்லும்போது ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

கஜந்தினி சுருதியைப் போட்டாள். "அகாரம். மெல்ல."

ஸட்ஜம், ரிஷபம், காந்தாரம் ஏறின. மத்தியமத்திலேயே அது வந்துவிட்டது. கேட்காமலே அந்த முனகல், அந்த விக்கல். ஜீவராணி நிறுத்தினாள். மறுபடியும் பாடினாள். மறுபடியும் வந்தது.

"சீ!" என்று தன் கழுத்தையே அறைந்துகொண்டாள். "நான் வேணான்னாலும் வருது டீச்சர். அம்மாவக் கூப்புடுறப்பகூட வருது. நான் நடிக்கிறேன்னு அம்மா நெனச்சிக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

இந்த முறை அவள் உண்மையாகவே அழுதாள். அழுகை அசிங்கமாக, மூக்கொழுக, ராகமில்லாமல் வந்தது. கஜந்தினி அது முடியும்வரை காத்திருந்தாள்.  அந்த முனகலைத் தொண்டையில் வைத்தவள் தானே என்ற அருவருப்பு அவளுக்குள் இன்னும் அடங்கவில்லை.

"மூக்கைச் சீறு. இனிக் கொஞ்ச நாளைக்குப் பாட்டு இல்லை. வாயைத் திறக்கவே வேண்டாம். உதட்டை ஒட்டி, ப்ர்ர்ர் எண்டு அதிர விட்டு வரிசையைச் சொல்லு. அப்படிச் சொல்லேக்கை அழ ஏலாது. உதடு நிண்டு போயிடும்."

ஜீவராணி முயன்றாள். எச்சில் தெறித்தது. உதடு நின்றுபோனது. மறுபடியும் தொடங்கினாள்.

கீழே கடையில் யாரோ சிரித்தார்கள். கஜந்தினி தானும் உதட்டை ஒட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து ப்ர்ர்ர் என்றாள்.