மேட்டுப் பக்கத்துக் கால்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. எவனோ ஒருவன் பார்த்ததைத்தான் இவர்கள் பார்க்கிறார்கள். தருமபுரியில் உபைத்தின் பழைய வண்டிக் கொட்டகைக்குள், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இரண்டு பைக்குகள் நின்றுகொண்டிருந்தன. சென்றாயனின் மகள் மணிமேகலை அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைக்கார உபைத்தோடு சேர்ந்து கைப்பேசிக்குள் குனிந்திருந்தாள். அதில் எந்தச் சீமைக்காரனோ ஒருவன் இதே மாதிரி வண்டியைச் சேற்றில் விரட்டிக்கொண்டிருந்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். சோற்றில் கையை வைத்துக்கொண்டு பார்க்கிறாள், படுத்துக்கொண்டு பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் வேலையைப் பற்றிப் பேசுவாள். வேலைப் பேச்சை எடுத்தால் வண்டி.

"ஏம்மா, அவனூரு சேறும் நம்மூரு சேறும் ஒண்ணா? அவன் வுழுந்தா அவனூரு ஆஸ்பத்திரிக்குப் போவான். நீ எங்க போவ?"

"நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க்கறேன். நீ செத்த சும்மா இருப்பா."

உபைத் சிரித்தான். சென்றாயன் சிரிக்கவில்லை. அவள் வேலை பார்ப்பதே மாட்டாஸ்பத்திரியில்தான். ஏரியூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். பென்னாகரத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் தார் ரோட்டில் போய்வருகிறாள். அதோடு விட்டால் ஒரு ஸ்கூட்டி போதும். ஆனால் அவளுடைய பொறுப்பில் சாமைக்கல் மலையும் இருந்தது. மேலே ஒரு சின்ன ஊர், வீட்டுக்கு வீடு ஆடு. ரோடு கிடையாது. ரேஷன் அரிசி கழுதை முதுகில் போகிற வழி. ஸ்கூட்டியை அடிவாரத்தில் போட்டுவிட்டு, தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து ஏறுவாள். அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகியிருக்கும். சூடுபட்ட மருந்துக்கு வீரியம் கிடையாதாம். போன வருஷம் ஒரு தடவை அத்தனை மருந்தையும் மேலேயே மண்ணில் ஊற்றிவிட்டு இறங்கினாள். அந்த மாதம் நோய் வந்து மலையில் பாதி ஆடு செத்தது. வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இப்போது காரிமங்கலத்தில் ஓர் இடம் காலியாகிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம். சம்மதம் என்றால் மாற்றித் தருவதாக மேலதிகாரியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். மலைக்கு ஏறுகிற வண்டி ஒன்று அகப்பட்டால் ஏரியூரிலேயே இருப்பேன், இல்லாவிட்டால் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று மணிமேகலை அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதனால்தான் அம்மாக்காரி தீர்த்தம்மாள் காலையில் இவரைப் பஸ் ஏற்றிவிட்டாள். "எந்த வண்டியக் காட்டினாலும் ஆவாதுன்னு சொல்லு. புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டு வா." சென்றாயனுக்கு அது சுலபமான வேலை. அவர் வாழ்நாளில் எந்தப் பொருளையும் ஆகும் என்று சொன்னதில்லை.

இரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஒன்றுதானாம். ஒன்று கம்பெனி செய்தது செய்தபடி இருந்தது. உயரமான கால், முன்னால் மெலிந்த பெரிய சக்கரம், கட்டைகட்டையாகப் பட்டன் டயர். டூயல் ஸ்போர்ட் என்றான் உபைத். இன்னொன்றுக்கு யாரோ பெங்களூர்ப் பையன் சக்கரத்தையெல்லாம் மாற்றிச் சின்னதாக்கி, அகலமான வழவழப்பு டயர் போட்டு, சாக்கப்சரையும் தணித்திருந்தான். அதற்குச் சூப்பர் மோட்டோ என்று பெயர். சென்றாயன் இந்தப் பெயர்களை வாயில் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. நெட்டை, குட்டை என்று முடித்துக்கொண்டார்.

"எத்தன தடவ வுழுந்த வண்டி இது?"

"வுழாத வண்டி ஏதுங்க பெரியப்பா? நெட்டை ரெண்டு மூணு வாட்டி படுத்திருக்குது. மறைக்கறதுக்கு நான் என்ன பொண்ணா குடுக்கறேன்?"

மணிமேகலை நெட்டையின் மேல் ஏறினாள். அவள் அம்மாவைப்போலக் குள்ளம். இரண்டு பக்கமும் பெருவிரல்தான் தரையைத் தொட்டது. எட்டாத தழைக்கு முன்னங்காலைத் தூக்கி நிற்கும் ஆட்டைப்போல இருந்தாள். சென்றாயனுக்கு மனசு நிறைந்தது. "பாத்தியா, காலே எட்டல. ஆவாது." குட்டையில் ஏறினாள். இரண்டு பாதமும் அழுந்தப் பதிந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், பின்னால் உட்கார இடமே இல்லை என்றார்.

"உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்றான் உபைத். "ரெண்டையும் மலையடிக்கே ஓட்டிக்கிட்டுப் போலாம். நான் நெட்டையில வரேன்."

"கடையப் போட்டுட்டு நீ என்னாத்துக்கு பாய் அவ்ளோ தூரம் வர?"

"உங்களுக்குப் புடிக்கலன்னா வண்டியத் திருப்பிக் கொண்டாறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா."

பதில் சரியாக இருந்ததாலேயே சென்றாயனுக்கு அவன்மேல் சந்தேகம் கூடியது.

பென்னாகரத்தைத் தாண்டி, சரிவில் வளைவுகள் தொடங்கும்வரை அவர் மகளின் தோளை லேசாகப் பிடித்தபடி, மனசுக்குள் குறைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். முதல் வளைவு வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. அவள் வண்டியைச் சாய்த்தாள். ரோடு எழுந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. தாரில் பதிந்த ஜல்லியை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. கட்டைவண்டி, டிராக்டர், டவுன் பஸ் என்று எதில் போனாலும் வளைவு ஆளை வெளியேதான் தள்ளும், அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பைக் கொடுத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். இது உள்ளே விழுந்தது. விழுந்தது, ஆனால் போய்ச் சேரவில்லை. பள்ளத்தின் விளிம்பில் ஒரு நொடி தொங்கிவிட்டு, ஊஞ்சல் திரும்புவதுபோல நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட வாயெடுத்தவர் பேரைப் பாதியிலேயே விட்டுவிட்டார். வாய்க்குள் காற்று நிறைந்துவிட்டது. எந்த வளைவிலென்று தெரியாது, எங்கேயோ ஓரிடத்தில் தன் உடம்பு அவளோடு சேர்ந்து தானாகச் சாய்வதை அறிந்தார். இந்த வயதில் உடம்பு தன்னைக் கேட்காமல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்று அவர் நினைத்ததில்லை. முன்னால் இருப்பது தான் பெற்ற பெண்தானா என்று அவள் பிடரியைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குக் கீழே, சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பு அப்படியே இருந்தது.

அடிவாரத்து டீக்கடையில் இறங்கினார். பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். "பரவால்ல," என்றார்.

உபைத் டீயை ஆற்றினான். "ரோட்டுக்கு இதான் ராசா, பெரியப்பா. காரிமங்கலம் வேலைன்னா கண்ண மூடிக்கிட்டு இத எடுத்துக்கலாம். மலைக்குத்தான் யோசிக்கணும்."

மணிமேகலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்றாயனுக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே நிற்பது இரண்டு வண்டிகள் அல்ல. குட்டை காரிமங்கலத்துக்குப் போகும். நெட்டை மேலே ஏறிக்கொள்ளும். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"குட்டைதான் வண்டி," என்றார். "காலு எட்டுது. என்னா புடி புடிக்குது ரோட்ட! இதவுட்டா கெடைக்காது."

"காலைல ரெண்டும் ஆவாதுன்னியே?"

"உக்காந்து பாக்காத சொன்னது அது."

உபைத் புரையேறி இருமினான்.

மலைப்பாதை டீக்கடைக்குப் பின்னாலேயே தொடங்கியது. மணிமேகலை குட்டையைத்தான் முதலில் ஏற்றினாள். பாறை படிபோல எழும்பிய இடத்தில் சின்னச் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கிக்கொண்டது. வண்டியின் அடிவயிறு பாறைமேல், அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிப் புழுதியை வாரியது. உபைத்தும் அவளும் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.

"வண்டி மேல என்னா தப்பு? கல்ல எடுத்துப் போடணும். கவர்மெண்டு இத்தன வருசமா என்னா பண்ணிக்கிட்டிருக்குது?" என்றார் சென்றாயன்.

நெட்டையில் உபைத் கட்டிக்கொண்டு வந்திருந்த ஐஸ் பெட்டியை அவள் முதுகில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள். மேலே போகும்வரை தாங்குகிறதா என்று பார்க்கக் காலையில் அறையிலிருந்து கிளம்பும்போதே ஐஸை நிரப்பியிருந்தாள். ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, அங்கிருந்து நெட்டையின் மேல் காலைப் போட்டாள்.

பெரிய சக்கரம் அந்தப் பாறைப் படியை முகர்ந்து பார்ப்பதுபோலத் தொட்டது, ஏறியது, அந்தப்பக்கம் போய்விட்டது. ஆனால் கொஞ்ச தூரத்தில், பாதை திரும்பும் இடத்தில், அவள் தயங்கி வண்டியை நிறுத்தினாள். பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றப் போனாள். அங்கே தரை இல்லை. வண்டியும் ஆளும் மெதுவாக, மரம் சாய்வதுபோலச் சாய்ந்து புதருக்குள் போனார்கள்.

சென்றாயன் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. பாதித் தூரத்தில் அவள் எழுந்து நிற்பதைப் பார்த்து நின்றார். முழங்கையில் ரத்தம். அவள் அதைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மிரண்ட மாட்டிடம் போவதற்குமுன் அதன் கண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது. அப்புறம் வண்டியின் பக்கம் முதுகைக் கொடுத்துக் குந்தி, கைப்பிடியையும் சீட்டையும் கையைப் பின்னால் கொடுத்துப் பற்றி, காலை உந்தி அதைத் தூக்கி நிறுத்தினாள். அவ்வளவு பெரிய இரும்பு! "நான் வரட்டா?" என்று அவர் கேட்டது அவர் காதிலேயே விழவில்லை.

மறுபடி ஏறினாள். வேண்டுமென்றே நிறுத்தினாள். இந்தத் தடவை மலையை ஒட்டிய பக்கம் காலைப் போட்டாள். பாதம் முழுதாகப் பதிந்தது. கிளம்பினாள், நிறுத்தினாள், மறுபடி மேட்டுப் பக்கத்துக் கால். நின்ற இடத்திலிருந்து சத்தம் போட்டாள்.

"ப்பா! மலைல எங்க நின்னாலும் ஒரு பக்கம் மேடுதாம்ப்பா!"

பிறகு நிற்கவில்லை. எழுந்து நின்றுகொண்டே ஓட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சக்கரம் கல்லுக்குக் கல் எகிறியது, மடங்கியது, நீண்டது. ஒரு மிருகம் கால்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. மேலே அவள் தலை ஆடவே இல்லை, தண்ணீரில் மிதந்து போகிற குடம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. மூங்கிலுக்குள் மறைந்தாள். சத்தம் மட்டும் பாறையில் மோதி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் கேட்டது. ஒரு வண்டி நாலு வண்டியானது. பிறகு சத்தமும் இல்லை. கழுதைகள் நின்று நின்று மூச்சு வாங்கும் என்று சொல்வார்களே, அந்த வெள்ளைப் பாறை முகத்தில், அவர் கண் வைக்காத இடத்தில், மஞ்சள் ஹெல்மெட் ஒரு புள்ளியாக முளைத்தது. குறுக்கே ஊர்ந்தது. அதற்கும் மேலே, வானத்தைத் தொட்டமாதிரி, ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது. யாரோ ஒரு பொம்பளை குலவை போட்டாள். அது ரொம்ப நேரம் கழித்துத்தான் கீழே வந்து சேர்ந்தது.

துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதைச் சென்றாயன் கவனிக்கவில்லை. கோயில் வாசலில்தான் அப்படிக் கட்டுவார்.

அவள் இறங்கி வந்து பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கல்லுச் சத்தம் போட்டன. அவர் ஒரு விரலால் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

"இதுதாம்ப்பா."

காரிமங்கலத்தை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"மலைல மேடு இருக்குது. சரி. டவுனு சிக்னல்ல மேட்டுக்கு எங்க போவ? நாலு பேரு பாக்க வுழுவ."

"அங்க வுழுந்தாத் தூக்க அந்த நாலு பேரு இருப்பாங்கப்பா. இங்கதான் நான் வுழக்கூடாது."

அவர் வானத்தைப் பார்த்தார். "மழ பேஞ்சா?"

"பேயட்டும். பாத்துக்கலாம்."

"உங்கம்மாகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"நீ பாத்ததச் சொல்லு."

பார்த்ததை எப்படிச் சொல்வது? வளைவு உள்ளே இழுத்ததை, அந்தத் தலை மிதந்துபோனதைச் சொன்னால் தீர்த்தம்மாள் இவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பாள்.

"ஏறுங்க பெரியப்பா, குட்டையில கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல வுடறேன்," என்றான் உபைத்.

"வேணாம் பாய். எனக்குக் காலு இருக்குது."

கழன்ற செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார். எதிரே ஒரு கிழவி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவர் பின்னால் எஞ்சின் மறுபடி உறுமி, மலையைப் பார்த்துத் திரும்பியது. ஆடுகளெல்லாம் நடுரோட்டில் அப்படியே நின்று காதைத் தூக்கின. கிழவியும் நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அதா போவுதே, யாரு அது? ஆம்பளப் புள்ளையா?"

"குட்டைதான் நல்ல வண்டி," என்றார் சென்றாயன், நிற்காமல். "சொன்னா யாரு கேக்கறாங்க."

அண்ணாந்து நின்ற ஆடுகளை முழங்காலால் விலக்கிக்கொண்டு, அவற்றுக்கு எதிர்த்திசையில் அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார்.