கண்ணை மூடி ஒரு தேர்தல்

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. என் தலையில் கட்டப்பட்டது. போன மாதம் மகளின் பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டார். "ஆண்டு மலருக்கு ஒரு கதை குடுங்க சார். பள்ளிக்கூடந்தான் ஜனநாயகத்தோட நாற்றங்கால்னு வர்ற மாதிரி." பெண்ணைப் பெற்றவன், தலையாட்டினேன்.

முதல் வரி: 'விதைத்தால்தானே முளைக்கும்...'

(அடித்துவிட்டேன். நாற்றங்கால் என்றதும் கை தானாக விதையைத் தேடிப் போகிறது.)

2

மறுபடி தொடங்குகிறேன். என் மகள் படிக்கும் ஆறாம் வகுப்பில் தலைவர் தேர்தல். பிள்ளைகள் டெஸ்கில் தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவார்கள். எண்ணுவது வகுப்பாசிரியை ஒருவர்தான். ரகசிய வாக்கெடுப்பாம். செலவும் கிடையாது, சாட்சியும் கிடையாது. இந்த யோசனை இன்னும் எந்த ஆட்சியாளருக்கும் எட்டாதது நம் அதிர்ஷ்டம்.

என் மகள் நைசாகத் தலை தூக்கிப் பார்த்தாள். அவளுக்குத்தான் நிறைய கை. ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது தாளாளரின் பேரன்.

"மிஸ், எனக்குத்தான் நிறைய பேர் கை தூக்குனாங்க. நான் பாத்தேன்."

"பாத்தியா? அப்போ கண்ணத் தொறந்தியா?"

(இந்த ஆசிரியையைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன், வரவில்லை. தாளாளர் முகம் சுளித்தால் அவர் வேலை போய்விடும், பாவம். அந்தப் 'பாவம்'தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.)

3

"வேற யாராவது பாத்தீங்களா?" என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். ஒரு கைகூட எழவில்லை.

"நெஜமாவே வேற யாரும் பாக்கலியா?" என்றேன் மகளிடம்.

"எல்லாரும் பாத்தாங்கப்பா. எப்பவுமே எல்லாரும் பாப்போம்."

ஆக, குடிமைப் பாடத்தில் வகுப்பே பாஸ். என் மகள் மட்டும் ஃபெயில்.

4

தலைமையாசிரியையின் உத்தரவு: இன்று காலை அசெம்பிளியில் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் டி.சி.

முடிவு அ: கேட்கிறாள். என் கதை மலரில் வருகிறது.

முடிவு ஆ: மறுக்கிறாள். பள்ளிக்கூடமே அவள் பின்னால் திரண்டு...

(பொய். எழுதவே கூசுகிறது.)

அவள் அம்மா சீருடையை இஸ்திரி போட்டபடியே, "ஒரு சாரிதானடி, சொல்லிட்டு வா. ஊரோட ஒத்துப் போகணும்" என்கிறாள்.

மகள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்கிறாள்: "சொல்றேன்ப்பா. ஆனா எதுக்கு சாரின்னு சொல்லணும்? பாத்ததுக்கா, பாத்தத சொன்னதுக்கா?"

"அது வந்தும்மா..."

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. நீங்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே, மிச்சத்தை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். சீக்கிரம், வாசலில் பள்ளி வேன் வந்துவிட்டது.