இசைத்தட்டை விட்டு வெளியே வந்தவர்கள்

பேஸ் கிதாரின் கடைசிச் சுரத்தை அவர் தாளில் எழுதி முடித்த செவ்வாய்க்கிழமை காலை, இசைத்தட்டிலிருந்து பேஸ் கிதார் போய்விட்டது. அவர் வீட்டுப் பிரதியில் மட்டுமல்ல, விற்றிருந்த அறுநூறு பிரதிகளிலும் போய்விட்டது. எழுதியவர் அந்தத் தட்டை வெளியிட்ட ராக் குழுவில் ஆர்கன் வாசித்தவர். ஏழு தட்டுக்குக் குறைந்த தாளத்தில் எதையும் அமைக்கமாட்டார் என்பதால் நண்பர்கள் அவரை ஏழரை என்றார்கள்; அவர் நுழைந்த இடத்தில் யாருக்கும் நிம்மதி இருக்காது என்பது இன்னொரு காரணம். குழு கலைந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று என்று நகர அரங்கில் வாசிக்கும் நால்வர் குழு, அவர்களுடைய ப்ரோக்ரஸிவ் ராக் பாட்டு ஒன்றைத் தங்கள் கருவிகளுக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தது. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுதான், இருபத்திரண்டு நிமிடம். நடுவில் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. எழுதிவைத்த தாள் எதுவும் இல்லாததால், தட்டைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

பேஸ் வாசித்தவர் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். போன் செய்து, “என்னோடத எடுத்துட்டியாமே? பரவால்ல, செல்லோகிட்ட பத்திரமா இருக்கும்” என்றார். அடுத்த மாதம் கிதார் முதல் வயலினுக்குப் போனது. டிரம்ஸ்தான் தலைவலி கொடுத்தது. நால்வரில் யாருக்கும் கை ஒழிவில்லை. வில் ஓய்ந்திருக்கும் இடங்களில் செல்லோக்காரர் மரத்தில் விரலால் தட்டட்டும் என்று எழுதினார். இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற டிரம்ஸை இரண்டு விரலுக்குக் கொடுத்துவிட்டான் என்று டிரம்மர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏழரை தன் ஆர்கனை எழுதி இரண்டு வயலினுக்கும் பிரித்துக் கொடுத்தார். தட்டில் குரல் மட்டும் மிச்சமிருந்தது.

குரல் ஏழரையின் தம்பியுடையது. பதிவு முடிந்த ஐந்தாம் மாதம் நுரையீரல் நோயில் இறந்துபோனான். பதிவின்போதே அவனுக்கு உடம்பு சரியில்லை என்பது தனக்குத் தெரியாது என்று ஏழரை அம்மாவிடம் சொல்லியிருந்தார், அம்மாவும் நம்பியிருந்தாள். தினமும் காலை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு தட்டைப் போடுவாள். கருவிகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த இரைச்சல் அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. குரலையும் எழுதினால் அவள் பிள்ளை இரண்டாம் முறை போய்விடுவான். அதனால் குரலுக்கென்று வைத்திருந்த வயோலாவின் வரிகளை ஏழரை காலியாகவே விட்டிருந்தார்.

ஆர்கன் போன மறுநாளும் அம்மா தட்டைப் போட்டாள். பாட்டின் நடுவே பதினோரு நிமிடம் ஆர்கன் பெருக்கெடுத்து ஓடும். இப்போது அந்த இடத்தில் இருமல் இருந்தது. தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவது ஏமாற்று வேலை என்பது ஏழரையின் கொள்கை என்பதால், ஐந்து பேரும் ஒரே அறையில் நின்று வாசித்துப் பதிந்த தட்டு அது. முப்பது தடவை சரியில்லை என்று நிறுத்தி, முப்பத்தோராம் தடவைதான் தலையாட்டினார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு, தாளம் கெடாமல், ஏழு ஏழாக இருமிக்கொண்டிருந்தான். ஏழரை வாசற்படியில் நின்று கேட்டார்.

“இவ்ளோ இருமுறான். நீ பாட்டுக்கு வாசிச்சிருக்கே” என்றாள் அம்மா.

“கேக்கலம்மா.”

“பக்கத்துலதானே நின்னான்.”

அதன் பிறகு மூன்று நாள் அவள் தட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் அவர் மேசைக்கு வந்தாள். “எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டே. அவன் மட்டும் உள்ள தனியா நிக்கிறான். அவனையும் எழுது.”

“எழுதினா உனக்குக் கேக்க ஒண்ணுமே இருக்காதும்மா.”

“இருமலையும் விடாம எழுது” என்றாள். அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இருமலை எழுத மட்டும் ஒன்பது நாள் ஆனது. வயோலா வாசிக்கும் பெண் வீட்டுக்கு வந்து, தடித்த தந்தியைப் பாதி அமுக்கி, வில்லை அழுத்தி இழுத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்தது. அறுநூறு தட்டுகளிலும் ஊசி உரசும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அரங்கில் வயோலா இருமத் தொடங்கியதும், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்து, கைப்பிடியைப் பிடித்து மேடை ஏறினாள். ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றி வயோலாக்காரியின் நாற்காலியருகே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் தொடவில்லை; தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி டம்ளர் காலியானது. இருமல் என்னவோ நிற்கவில்லை. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதன் பிறகு அவள் இருந்த ஆறு வருடமும் நால்வர் குழு அந்தப் பாட்டை ஊர் ஊராக வாசித்தது, அவளும் ஃப்ளாஸ்கோடு கூடவே போனாள். அவள் படி ஏற நேரம் வேண்டும் என்பதால் அந்த இடத்தைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

அம்மா இறந்த பிறகு ஃப்ளாஸ்கை ஏழரை எடுத்துப் போகிறார். வெந்நீரை ஊற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் நின்று காத்திருக்கிறார். ஒரு சொட்டும் குறைவதில்லை. பாட்டு முடிந்ததும் நிரம்பிய டம்ளரைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு படி இறங்குகிறார். வயோலாக்காரி காலைச் சற்று ஒதுக்கி வழி விடுகிறாள்.