உதடு மூடும் இடம்

டப்பிங் கூடத்தில் காலையிலிருந்து ஒரே வரியில் சிக்கிக் கிடந்தோம். ஆங்கிலப் படத்தில், அறுவை சிகிச்சைக்குப் பயந்து அழும் தங்கையிடம் அக்கா "பைட் த புல்லட்" என்கிறாள். தமிழ் வசனம் என் பொறுப்பு. டப்பிங் இயக்குநரோ தானே எழுதி வைத்திருந்தார்: "புல்லட்டைக் கடி, பொண்ணே!"

"எந்த அக்கா சார் இப்படிப் பேசுவா? வலியைத் தாங்கிக்கோன்னுதானே அர்த்தம்?" என்று சீறினேன்.

"அர்த்தம் எனக்கும் தெரியும் மேடம். அவ உதட்டைப் பாருங்க. ரெண்டு தடவை மூடுது. 'வலியைத் தாங்கிக்கோ'ன்னா எங்க மூடுது?"

ஒலியை அணைத்துவிட்டுக் காட்சியைத் திரும்ப ஓடவிட்டேன். உதடு ரெண்டு முறை மூடி என்னைப் பழித்தது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்தேன். கடித்ததுமே பொறி தட்டியது.

குரல் கொடுக்கும் பெண்ணின் காதில் சொன்னேன். அவள் மைக் முன்னால் நின்று பேசினாள்:

"பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கோடி!"

'ப'வில் ஒன்று, 'பொ'வில் ஒன்று. திரையில் அக்கா தமிழச்சியாகவே ஆகிவிட்டாள். ஒலிப்பதிவாளர் விசிலடித்தார்.

இயக்குநர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பயத்தில் வியர்த்துக் கொட்டுவதைச் சொல்லும் "ஸ்வெட்டிங் புல்லட்ஸ்" என்ற ஆங்கில வரிக்கு, "எனக்குத் தோட்டா தோட்டாவா வேர்க்குது" என்று எழுதியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அதை அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.